பக்கம் ஆறு, கடைசிப் பத்தி

9 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகுவலி எப்படியிருக்கிறது? நாற்காலிக்கு மெத்தை வாங்கிப் போட்டாயா, இல்லை இன்னும் பழைய ஃபைலை மடித்து வைத்துத்தான் உட்கார்கிறாயா? இங்கே இவரும் நானும் சௌக்கியம். பாப்பாவுக்கு மட்டும் நாலு நாளாக இருமல். மூச்சு விடுகிறாளா என்று மணிக்கு மூன்று தரம் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். "அவ தூக்கம் உன்னாலதான் கெடுது" என்கிறார் இவர். அவருக்கென்ன, படுத்தால் கட்டை.

போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்பாய். உன் மேஜைப் போனில் பேசினால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும். விடுதிப் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை போட்டுக்கொள்கிறோம். எழுதினால் அடித்துத் திருத்தலாமே.

விஷயம் இதுதான். தயாரிப்பாளர்கள், தியேட்டர்காரர்கள், விநியோகஸ்தர்கள் மேஜைக்கு மட்டும் போகிற சினிமாத் தொழில் இதழ் இருக்கிறதே, நீகூட உறை பிரித்து உன் முதலாளிக்கு எடுத்து வைப்பாயே, அதற்குக் கட்டுரை யோசனைகள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தியேட்டர் இருக்கை தைப்பவர்கள், போஸ்டர் ஒட்டுபவர்கள், டப்பிங்கில் அழுவதற்கென்றே இருக்கும் ஒரு பெண். மூன்றும் திரும்பி வந்தன. மூன்றாவதோடு ஆசிரியர் கைப்பட இரண்டு வரி: "நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் என் வாசகர் ரசிகர் அல்ல, தொழில் செய்பவர். படித்து முடித்ததும் அவர் யாருக்காவது போன் போட வேண்டும். இதைப் படித்தால் பெருமூச்சுதான் விடுவார்."

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் பாப்பாவுக்கு ஊட்டும்போது யோசனை வந்தது. ஸ்பூன் பாதி வழியில் நின்றுபோய், அவள் கத்தின பிறகுதான் எனக்கு உலகம் திரும்பியது.

உன் முதலாளி, நம் சபாஷ்காரர், கம்பெனி ஆரம்பித்து வருகிற ஆகஸ்டோடு இருபத்தைந்து வருஷம். ட்ரெய்லர் என்றால் அவர்தான் என்று தொழிலே சொல்கிறது. அவரைப் பற்றி ஒரு பாராட்டுக் கட்டுரை. பாராட்டுத்தான் அக்கா, ஒரு குறை சொல்ல மாட்டேன். எந்த ட்ரெய்லரை எந்தப் பெண் வெட்டித் தொகுத்தாள் என்று மட்டும் பெயரோடு போடுவேன். ஏழு பேர். ஏழாவது நான். எனக்கு ஏழு மாதம் நடக்கும்போது, நான் வெட்டிய ட்ரெய்லருக்கு அவர் மேடையேறி விருது வாங்கினார். அடுத்த வாரம் 'இனி வர வேண்டியதில்லை' என்று எனக்குக் கடிதம் வந்தது. மற்ற ஆறு பேருக்கும் அதே கதை. கல்யாணம் என்றால் கடிதம், குழந்தை என்றால் கடிதம்.

அவர் மூக்கை அவர் கையாலேயே உடைக்கப் போகிறேன். பேட்டிக்கு நேரம் வாங்கித் தருவாயா?

பாப்பா அனுப்பும் எச்சில் முத்தத்தோடு,
உன் தங்கை

27 ஜனவரி

செல்லத் தங்கச்சிக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். இருமலுக்குக் கடையில் வாங்கின மருந்தெல்லாம் கொடுக்காதே, டாக்டரிடம் காட்டு. விரல் வைத்துப் பார்ப்பதை நிறுத்து. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு நான் அப்படித்தான் பார்த்தேன். அம்மா என் கையிலேயே ஒன்று போட்டாள்.

கட்டுரை எழுதுவது நல்லதுதான். ஆனால் ஏன் இந்தக் கட்டுரை? இருக்கை தைப்பவர்கள் நல்ல விஷயம். வேறு இதழுக்கு அனுப்பிப் பார்.

அவருக்கு உன்மேல் கோபமெல்லாம் இல்லை. போன வாரம்கூட "உன் தங்கச்சி கை மாதிரி வேகமான கை இன்னும் கிடைக்கலை" என்றார். நான் பத்தொன்பது வருஷமாக இந்த மேஜையில் இருக்கிறேன். இந்த வயதில் வேறு மேஜை தேட முடியாது. உனக்குத் தெரியாததில்லை.

விடுதியில் தண்ணீர் வரவில்லை. வாளி எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். மீதி பிறகு.

அக்கா

4 பிப்ரவரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இரண்டு வரிக்கு நன்றி. நான்காவது யோசனை இது.

ட்ரெய்லர் கம்பெனி ஒன்றின் இருபத்தைந்தாம் ஆண்டு. உங்கள் வாசகர்கள் எல்லோரும் அங்கே படம் கொடுத்திருக்கிறார்கள். தன் படத்தின் ட்ரெய்லரை வெட்டிய கை யாருடையது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன். பெரிதாக ஓடிய பதினான்கு ட்ரெய்லர்கள், ஏழு பெண்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள், வேலை செய்யத் தயாரா, எந்த எண்ணில் கிடைப்பார்கள் என்பது வரை தருகிறேன்.

அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி. அதை மறைக்காமல் கட்டுரையிலேயே சொல்லிவிடுவேன். கம்பெனி உரிமையாளரின் விரிவான பேட்டியும் உண்டு. எட்டுப் பக்கம். படித்து முடித்தவர்கள் போன் போடுவார்கள் என்று உறுதி சொல்கிறேன்.

பணிவுடன்,
மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவள்

15 பிப்ரவரி

மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவருக்கு,

நலமே விளைக. நான்காம் முறை திருப்பி அனுப்பவில்லை. ஆகஸ்ட் இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்குகிறேன்.

எங்கள் நடைமுறை ஒன்று உண்டு. கட்டுரை யாரைப் பற்றியதோ அவருக்கு, அச்சேறும் முன் சரிபார்க்க, ப்ரூஃப் போகும். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். முன்னொரு காலத்தில் ஒருவர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று எங்களை இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு இழுத்தடித்தார். அதிலிருந்து இப்படி. கையெழுத்து விழுந்த பிறகு அவரும் மாற்ற முடியாது, நீங்களும் மாற்ற முடியாது, நானும் மாற்ற மாட்டேன்.

அவர் கையெழுத்துப் போடுவார் என்று நினைக்கிறீர்களா? எனக்குச் சந்தேகம்தான். உங்கள் தைரியத்துக்காக ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியர்

2 மார்ச்

அக்கா,

எடுத்தவுடனே சந்தோஷச் செய்தி: ஒத்துக்கொண்டார்கள்! எட்டுப் பக்கம்! பாப்பாவைத் தூக்கிச் சுற்றியதில் அவள் என் தோளிலேயே பால் கக்கினாள். இருமல் போய்விட்டது. இப்போது புதுக் கவலை, தவழும்போது வலது காலை இழுக்கிறாளோ என்று. டாக்டர் "ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்தார். சிரிக்கிற டாக்டர்களை நம்பலாமா?

உன் பிடி கொடுக்காத பதிலைப் படித்தேன். உன் வேலைக்கு ஒரு கீறல் விழாது. எல்லாவற்றிலும் அவரே கையெழுத்துப் போடப் போகிறார். எனக்கு உன்னிடம் வேண்டியது இரண்டுதான். ஒன்று, பேட்டிக்கு நேரம். இரண்டு, எடிட்டிங் அறை நோட்டு. எந்த வேலையை யார் எப்போது முடித்தார்கள் என்று நாங்களே கையெழுத்துப் போடுவோமே, அந்த நோட்டு. பழையதெல்லாம் உன் பீரோவில்தானே இருக்கிறது? பிரதி எடுத்து அனுப்பு. நெட்டை, கண்ணாடி, 'ஐயோ' அக்கா என்று மற்ற ஆறு பேரிடமும் பேசிவிட்டேன். கண்ணாடி மட்டும் போனிலேயே அழுதாள். நெட்டை கேட்டாள், "அந்தாளு முகம் எப்படி ஆகும்னு எனக்கு ஒரு போட்டோ அனுப்புவியா?"

இன்னொன்றும் கேட்கணும். எனக்கு வந்த கடிதத்தை டைப் அடித்தது யார் என்று உனக்குத் தெரியுமா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

20 ஏப்ரல்

தங்கச்சிக்கு,

தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ஆபீஸில் வேலை அதிகம், எனக்கு இரண்டு வாரம் காய்ச்சல் வேறு. இப்போது பரவாயில்லை. பாப்பா கால் பற்றி டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மே 6, காலை பதினோரு மணி. எழுதி வைத்துவிட்டேன். "நம்ம பொண்ணு எழுதுதா? சபாஷ்! வரச் சொல்லு" என்றார். நோட்டுப் பிரதிகள் இத்துடன் இருக்கின்றன, நாற்பத்தியொரு தாள். எண்ணிப் பார்த்துக்கொள்.

மின்விசிறி தலைக்கு மேலே சுற்றும் இடத்தில் பாப்பாவைப் படுக்க வைக்காதே.

அக்கா

11 மே

அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம், பாப்பா நலம். நீ வாசலில்தான் உட்கார்ந்திருந்தாய், ஆனாலும் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். "அட, நம்ம பொண்ணு! பத்திரிகைக்காரி ஆயிட்டியா? சபாஷ்!" பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவளும் வெட்கமில்லாமல் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடுங்கிக்கொண்டு ஓடணும்போல இருந்தது.

ஏழு பெயரையும் வாசித்தேன். "போடு, எல்லாம் போடு. எத்தனை பேரைத் தயார் பண்ணியிருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

"ஏன் எப்பவுமே பொண்ணுங்களையே வெச்சிருக்கீங்க?"

"இதைத்தாம்மா யாரும் கேட்கறதில்லை." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆம்பளைப் பசங்களை வெச்சா ரெண்டே வருஷத்துல எதிர்த்தாப்புல கடை போடுவான். பொண்ணுங்கன்னா கல்யாணம், குழந்தைன்னு கரைஞ்சு போயிடுவாங்க. கத்துக்கொடுத்த வித்தை வெளிய போகாது. போட்டி வராது. இருபத்தஞ்சு வருஷம் எப்படி நின்னீங்கன்னு கேட்டியே, இதுதான் சூட்சுமம்."

"எழுதிக்கட்டுமா?"

"தாராளமா எழுது. புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கு உதவும்."

அக்கா, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். சந்தோஷத்தில். கடைசியாகக் கேட்டேன், "என்னை ஏன் அனுப்பினீங்க?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "உன்னையா? நீயாத்தானேம்மா போனே?" ஞாபகமே இல்லை! பதினாறு மாதமாக நான் ஒவ்வொரு நாளும் அந்தக் கடிதத்தை மென்று விழுங்குகிறேன், அவருக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை.

நடுவில் நீ தண்ணீர் கொண்டு வந்தாய். பாப்பா உன் கண்ணாடிச் சங்கிலியைப் பிடித்தாள். நீ அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போனாய்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நாற்பத்தியொரு தாளை எண்ணினவளுக்கு அந்த ஒரு வரி கண்ணில் படவில்லையா? கடிதத்தின் இடது ஓரம், அடியில், டைப் அடித்தவரின் முதல் எழுத்தைச் சின்னதாகப் போடுவது உங்கள் ஆபீஸ் வழக்கம். எனக்கு வந்ததிலும் ஒரு எழுத்து இருக்கிறது. எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ சொல்லிக் கேட்கணும்.

தங்கை

19 ஜூன்

அக்கா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்று பயந்து விடுதிக்குப் போன் பண்ணினேன். "நல்லாத்தான் இருக்காங்க, துணி காயப் போடறாங்க, கூப்பிடவா?" என்றாள் காவலுக்கு இருக்கிற அம்மா. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பாப்பா நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள். கால் சரியாகத்தான் இருக்கிறது.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். ஜூலை முதல் வாரம் ப்ரூஃப் அங்கே வரும். அவர் எதையும் தானே படிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். ஏழு பேர் வேலை, அவர் சொன்ன சூட்சுமம், கடிதம் வந்த தேதிகள், எல்லாம் வரும். அவர் காதில் பாராட்டாகத்தான் விழும்.

பக்கம் ஆறில் கடைசிப் பத்தி வரும்போது கொஞ்சம் வேகமாக வாசித்துவிடு. இல்லை, மெதுவாகவே வாசி. உன் இஷ்டம். கோபத்தில் எழுதினது. எழுதி முடித்ததும் கோபம் போய்விடும் என்று நினைத்தேன்.

தங்கை

14 ஜூலை

எழுத்தாளர் அவர்களுக்கு,

நீங்களும் குழந்தையும் நலமென நம்புகிறேன். எட்டுப் பக்கமும் கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டன. முப்பது வருஷமாக இதழ் நடத்துகிறேன், தன்னைத் தானே மாட்டிவிட்டுக்கொண்டு இவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டவரைப் பார்த்ததில்லை.

பக்கம் ஆறின் கடைசிப் பத்தியை எடுத்துவிடும்படி நீங்கள் மூன்றாம் தேதி எழுதிய கடிதமும், எட்டாம் தேதி எழுதிய கடிதமும் கிடைத்தன. நடைமுறையை முதலிலேயே சொல்லியிருக்கிறேன். அவை வருவதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது, எடுக்க முடியாது.

மேலும் அந்தப் பத்தியில் அவர்கள் தரப்பிலிருந்தே ஒரு சேர்க்கை வந்திருக்கிறது. நீங்கள் எழுதியது: "இந்த ஏழு பேருக்கும் போன ஏழு கடிதங்களையும் டைப் அடித்தவர் ஒரே பெண். அவர் இன்றும் அதே மேஜையில் இருக்கிறார். ஏழு பேரில் ஒருவரையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை." 'ஒரே பெண்' என்ற இடத்தில் சுழித்து, ஓரத்தில் பேனாவால் ஒரு பெயரை எழுதியிருக்கிறார்கள். முழுப்பெயர். பக்கத்தில் உரிமையாளரின் கையெழுத்து. அந்தப் பெயரின் தலைப்பெழுத்தும் உங்களுடையதும் ஒன்றாக இருக்கிறதே, உறவா? எதுவானாலும் அப்படியே அச்சாகிறது.

ஆசிரியர்

22 ஆகஸ்ட்

தங்கச்சிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகுவலிகூடக் குறைந்திருக்கிறது. பாப்பா பிடிக்காமல் நடக்கிறாளா?

நீ கேட்டதற்கு முதலில் பதில். நான்தான் அடித்தேன். ஏழும் நான்தான். உன்னுடையதை அடிக்கும்போது அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. தேதி சரியா, பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டேனா என்று பார்த்தேன். உறையில் போட்டு ஒட்டினேன். அது உன் கைக்கு வந்த அன்று சாயங்காலம் நீ போன் பண்ணி, "அக்கா, என்னை அனுப்பிட்டாங்க" என்று அழுதபோது, "அப்படியா?" என்று கேட்டேன். அந்த 'அப்படியா'வைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. கடிதத்தை விட அது மோசம். உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்த வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது.

ப்ரூஃப் வந்த அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான் வாசித்தேன். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. 'கரைஞ்சு போயிடுவாங்க' வந்ததும் "இந்த இடம் நல்லா வந்திருக்கு, இன்னொரு தரம் வாசி" என்றார். வாசித்தேன். ஆறாம் பக்கம் வந்தது. உன் பத்தியை முழுசாக வாசித்தேன். கண்ணைத் திறந்து, "இது நீதானே?" என்று சிரித்தார். "ஆமா சார். பேர் போடலை." "உன் பேரை மட்டும் ஏன் விடணும்? எழுதிக்கோ, எழுதிக்கோ. சபாஷ்." எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

இதழ் வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதல் நாள் பூங்கொத்து வந்தது. இரண்டாம் நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. நாலாம் நாள் பழைய தயாரிப்பாளர் ஒருவர் கூப்பிட்டு, என்னிடமே, கண்ணாடியின் எண் சரிதானா என்று கேட்டார். "சரிதான் சார், சாயங்காலத்தில் எடுப்பாங்க" என்றேன். நேற்றுவரை நாலு படம் கைமாறிவிட்டது. இரண்டு நெட்டைக்கு, ஒன்று கண்ணாடிக்கு, ஒன்று உனக்கு என்று கேள்வி. நிஜமா? பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்திருப்பாய்.

அவருக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. கட்டுரையை என்னை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்கிறார். "இதுல தப்பா ஒண்ணும் இல்லையே?" என்கிறார். "ஒண்ணும் இல்லை சார், எல்லாம் நீங்க சொன்னது." நேற்றுதான் முதல் தடவையாகச் 'சபாஷ்' சொல்லாமல், "இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப உனக்கும் ஒரு கடிதம் அடிச்சுக்கோ" என்றார். "அதை மட்டும் நீங்களே எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு கடிதம் தானே எழுதி நான் பார்த்ததில்லை. நேற்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். குப்பைக்கூடை நிரம்பிவிட்டது. எழுதி முடிக்கிற வரை நான் வந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

வெளியே எனக்கு வேலை கிடைப்பது கஷ்டம்தான். அந்தப் பத்தியைப் படித்தவர்கள் யாரும் என்னை மேஜையில் உட்கார வைக்க மாட்டார்கள். ஆசிரியரிடம் அதை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதினாயாமே, கண்ணாடி சொன்னாள். எனக்காக என்று நினைத்திருப்பாய். அதில்தான் எனக்குக் கோபம். எழுதினதில் ஒரு கோபமும் இல்லை, அவ்வளவும் உண்மை. என் பேரைச் சொல்லாமல் விட்டது என்மேல் நீ காட்டின கருணை என்று நினைத்தாயா? வேலையை எழுதி, செய்தவள் பேரை விட்டுவிடுவது அந்த ஆள் இருபத்தைந்து வருஷமாகச் செய்தது. அதை எதிர்த்துத்தானே எட்டுப் பக்கம் எழுதினாய்?

ஏழு பேருக்கும் பேர் போட்டாய். எனக்கு மட்டும் போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

அக்கா